மொழி ஆசிரியரின் வேலை எங்கே சிக்குகிறது: கண்டுபிடிக்கும் முறையும் சரிசெய்யும் முறையும்

ஒரு தமிழ் ஆசிரியரோ ஆங்கில ஆசிரியரோ எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார் என்று கேட்டால், சென்னையில் பெரும்பாலான பள்ளிகள் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டை எடுத்து நீட்டும். இல்லையென்றால், "அவங்க கிளாஸ் ரொம்ப அமைதியா இருக்கும்" என்று சொல்லும். இரண்டுமே தப்பான அளவுகோல். ரிசல்ட்டுக்குள் ட்யூஷன் இருக்கிறது, கைடு இருக்கிறது, மனப்பாடம் இருக்கிறது, அந்த ஆண்டு சேர்ந்த பிள்ளைகளின் வீட்டுச் சூழல் இருக்கிறது. அமைதியோ, மொழி வகுப்பைப் பொறுத்தவரை சந்தேகப்பட வேண்டிய அறிகுறி.

பார்க்க வேண்டியது ஒன்றுதான். ஒரு பாடவேளையில் ஒவ்வொரு மாணவரும் எத்தனை நிமிடம் அந்த மொழியைத் தானே கையாளுகிறார்? சொந்தமாகப் பேசுவது, தானே வாசித்துப் புரிந்துகொள்வது, சொந்த வாக்கியம் எழுதுவது மட்டும் கணக்கு. ஆசிரியரின் படிப்பு, அனுபவம், குரல், கால அட்டவணை, திருத்த வேண்டிய நோட்டு எல்லாமே இந்த நிமிடங்களைக் கூட்டுகின்றன அல்லது தின்கின்றன. எது தின்கிறது என்று தெரியாமல் ஆசிரியரைக் குறை சொல்வதும் பயிற்சிக்கு அனுப்புவதும் வீண். இது தலைமை ஆசிரியருக்கும் மொழித் துறைப் பொறுப்பாளருக்கும் எழுதியது. தன் வகுப்பைத் தானே சோதித்துப் பார்க்க நினைக்கும் ஆசிரியருக்கும் பயன்படும்.

முதல் வேலை: 80 கட்டம்

40 நிமிடப் பாடவேளை என்றால் ஒரு தாளில் 80 கட்டம் போடுங்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து 30 நொடிக்கு ஒருமுறை, அந்த நொடியில் வகுப்பில் என்ன நடக்கிறதோ அதற்கான எழுத்தைக் கட்டத்தில் குறியுங்கள்.

ஆ – ஆசிரியர் பேசுகிறார் அல்லது வாசிக்கிறார்
கோ – வகுப்பே சேர்ந்து சொல்கிறது
ஒ – ஒரு மாணவர் மட்டும் பேசுகிறார் அல்லது வாசிக்கிறார்
ஜோ – ஜோடியாக, குழுவாகப் பேசுகிறார்கள்
எ – சொந்தமாக எழுதுகிறார்கள் அல்லது தானே வாசிக்கிறார்கள்
ந – போர்டிலிருந்தோ கைடிலிருந்தோ நகல் எடுக்கிறார்கள்
வெ – வருகைப் பதிவு, நோட்டு விநியோகம், சுற்றறிக்கை, காத்திருப்பு

ஒரே நாளில் முடிவுக்கு வராதீர்கள். செய்யுள், உரைநடை, மொழிப்பயிற்சி என்று மூன்று வேறு வகைப் பாடவேளைகளில் எடுக்க வேண்டும். முதல் பார்வைக்கு ஆசிரியர் வழக்கத்தைவிட நன்றாகத் தயாரித்துக்கொண்டு வருவார். அது இயல்பு, அதைக் குற்றமாகப் பார்க்க வேண்டாம். இரண்டாவதும் மூன்றாவதும்தான் உண்மை நிலவரத்தைக் காட்டும். தன்னைத் தானே அளக்க நினைப்பவர் செல்போனை மேசையில் வைத்து ஒலியை மட்டும் பதிவு செய்து, வீட்டில் போட்டுக் கேட்டே கட்டத்தை நிரப்பலாம்.

நிரப்பிய தாளில் 'ஜோ', 'எ' இரண்டையும் கூட்டுங்கள். 80-இல் இருபதுகூட வரவில்லையென்றால், அந்த ஆசிரியர் எவ்வளவு அழகாக விளக்கினாலும் வகுப்பில் மொழி ஓடுவது அவர் வாயில் மட்டும்தான். 'கோ' நிறைய இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். கோரஸில் பத்துப் பேர் சொல்வார்கள், மற்றவர்கள் வாயசைப்பார்கள். ஒன்றாம் இரண்டாம் வகுப்பில் ஓசை பழகவும், செய்யுளின் சந்தம் பிடிக்கவும் கோரஸ் தேவை. எட்டாம் வகுப்பில் பொருள் சொல்லும்போதும் கோரஸ் என்றால் அது நேரம் போக்குவது.

'வெ' என்ற எழுத்து எட்டுக்கு மேல் வந்தால், அதாவது நான்கு நிமிடத்துக்கு மேல் போனால், பெரும்பாலும் அது ஆசிரியரின் குறை அல்ல. பாடத்தின் நடுவே சுற்றறிக்கை அனுப்புவது, கட்டணம் கட்டாதவர் பட்டியலோடு ஆள் வருவது, முந்தைய பாடவேளை நேரத்துக்கு முடியாமல் இழுப்பது எல்லாம் அலுவலகம் சரிசெய்ய வேண்டியவை.

45 பேர் இருக்கும் வகுப்பின் கணக்கு

இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் அட்டவணைப்படி தொடக்க வகுப்புகளில் 30 பேருக்கு ஓர் ஆசிரியர், 6 முதல் 8 வரை 35 பேருக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும். ஒன்பது, பத்தில் ஒரே அறையில் 45 பேரைப் பார்ப்பது புதிதல்ல. விளக்கம் முடிந்து 10 நிமிடம் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவராக எழுப்பிப் பேசச் சொன்னால் 600 நொடியை 45 பேர் பங்கிட வேண்டும். ஆளுக்கு 13 நொடி. அதே 10 நிமிடத்தில் ஜோடியாகப் பேசவிட்டால் ஆளுக்கு ஐந்து நிமிடம் வரை கிடைக்கும். வேறு எந்த மாற்றமும் இவ்வளவு மலிவாக இவ்வளவு நேரத்தைத் தராது.

ஆனால் "பக்கத்தில் இருப்பவருடன் பேசுங்கள்" என்று மட்டும் சொன்னால் அரை நிமிடத்தில் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விடும். ஜோடி வேலைக்கு மூன்று விஷயம் வேண்டும்: ஒருவரிடம் இருக்கும் தகவல் மற்றவரிடம் இருக்கக் கூடாது, நேரம் சொல்லியிருக்க வேண்டும், முடிவில் காட்ட ஏதாவது கையில் இருக்க வேண்டும். ஒரு மாதிரி: கடற்கரையிலிருந்து கிண்டி வரை மின்சார ரயில் நிலையங்கள் பத்து. கடற்கரை, கோட்டை, பூங்கா, எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி. ஒருவர் தாளில் ஒன்றுவிட்டு ஒன்று காலி. மற்றவர் தாளில் மீதி காலி. தாளைக் காட்டாமல், முழு வாக்கியத்தில் கேட்டு, ஆறு நிமிடத்தில் பட்டியலை நிரப்ப வேண்டும். "எழும்பூருக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் இடையில் எந்த நிலையம் உள்ளது?" தமிழ் வகுப்பில் நான்காம் வேற்றுமையைப் பழக்க இது போதும், ஆங்கில வகுப்பில் கேள்வி வாக்கியம் அமைக்கவும் இதே தாள் உதவும். நகரக்கூடிய பெஞ்சு தேவையில்லை. முன் பெஞ்சு பின்னால் திரும்பினால் போதும். மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் மூன்றாமவர் நடுவர். முழு வாக்கியமாகக் கேட்டார்களா என்று எண்ணுவது அவர் வேலை.

இங்கே ஆசிரியர் தோற்பது பெரும்பாலும் வகுப்புக்கு வெளியில்தான். சத்தம் கேட்டு வராந்தாவில் போகிறவர் எட்டிப் பார்த்து முறைத்தால், அடுத்த நாளிலிருந்து ஜோடி வேலை நின்றுவிடும். மொழிப் பாடவேளையில் ஆறு நிமிடச் சத்தம் அனுமதிக்கப்பட்டது என்பதைத் தலைமை ஆசிரியர் பக்கத்து வகுப்பு ஆசிரியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அந்தச் சத்தத்துக்கு எல்லை வைக்க ஓர் அடையாளமும் பழக்க வேண்டும்: ஆசிரியர் கையைத் தூக்கினால் பார்த்தவரும் தூக்குவார், பத்து நொடியில் அடங்கிவிடும். முதல் வாரம் அடங்காது. இரண்டாவது வாரம் அடங்கும்.

கேள்வி கேட்டுவிட்டு மூன்று நொடி

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மூன்று நொடிக்கு மேல் காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். மொழி வகுப்பில் இது இன்னும் முக்கியம். வீட்டில் பேசாத மொழியில் ஒரு வாக்கியத்தை மனசுக்குள் கோக்க நேரம் வேண்டாமா? பழக்கும் வழி எளிது: கேள்வி கேளுங்கள், மனசுக்குள் மூன்று எண்ணுங்கள், அதன்பிறகே பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்ற 44 பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

பெயர் சொல்வதிலும் ஒரு சாய்வு இருக்கும். வகுப்பின் உட்காரும் வரைபடம் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒருவர் பேசும்போதெல்லாம் அவர் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். கோடுகள் பெரும்பாலும் முன்வரிசையிலும் நடுவிலும் குவியும். ஓரங்களும் கடைசியும் வெறுமையாக இருக்கும். இதைச் சொன்னால் எந்த ஆசிரியரும் நம்ப மாட்டார். தாளைக் காட்டினால் நம்புவார்.

பிழையைத் திருத்தும் விதம் இன்னொன்று. மாணவர் "பறவைகள் பறந்தது" என்கிறார். ஆசிரியர் "ஆமாம், பறவைகள் பறந்தன, அப்புறம்?" என்று நகர்கிறார். தான் திருத்திவிட்டதாக அவர் நினைப்பார். மாணவர் காதில் விழுந்தது "ஆமாம்" மட்டும்தான். கனடாவில் பிரெஞ்சு வழியில் படிக்கும் நான்கு வகுப்புகளை ராய் லிஸ்டரும் லைலா ரான்டாவும் ஆராய்ந்து 1997-இல் வெளியிட்டார்கள். ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் பாதிக்கு மேல் இப்படிச் சரியான வடிவத்தைத் தாங்களே சொல்லிவிட்டுப் போவதாக இருந்தது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மாணவர் பதில் வினை காட்டினார். மாணவரே திருத்திக்கொள்ளும்படி தூண்டியபோது நிலைமை வேறாக இருந்தது. அதனால் "பறவைகள்… ஒன்றா, பலவா?" என்று கேட்டு நிறுத்துங்கள். பேச்சுத் தமிழில் "பறவைங்க பறந்துச்சு" என்று ஒருமை வடிவத்தையே பன்மைக்கும் சொல்வதால்தான் இந்தப் பிழை வருகிறது என்று தெரிந்த ஆசிரியர், அதைச் சோம்பேறித்தனம் என்று திட்ட மாட்டார்.

எல்லாப் பிழைக்கும் நிறுத்தினால் யாரும் பேச மாட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அன்றைய பாடத்தின் குறியாக இருக்கும் பிழையை மட்டும் நிறுத்துங்கள். மற்றவற்றைக் குறித்துவைத்துக் கடைசி மூன்று நிமிடத்தில், யார் சொன்னது என்று சொல்லாமல், போர்டில் போடுங்கள்.

நோட்டுத் திருத்தம்: கணக்கே உதைக்கும் இடம்

மொழி ஆசிரியரை மற்றவரிடமிருந்து பிரித்துக் களைக்க வைப்பது இதுதான். ஐந்து செக்‌ஷன், செக்‌ஷனுக்கு 40 பேர், மொத்தம் 200 கட்டுரை நோட்டு. ஒன்றுக்கு 4 நிமிடம் என்றால் 800 நிமிடம், 13 மணி 20 நிமிடம். வாரத்துக்கு 40 பாடவேளையில் அவருக்கு 28 வகுப்பு, ஓய்வு 12. வராத ஆசிரியருக்குப் பதிலாகப் போகும் சப்ஸ்டிடியூஷனில் மூன்று போனால் ஒன்பது, அதாவது 360 நிமிடம். 800 நிமிட வேலை 360 நிமிடத்துக்குள் அடங்காது. அதனால்தான் நோட்டுகளில் பக்கம் முழுக்க ஒரு பெரிய டிக் மட்டும் கிடக்கிறது. இன்ஸ்பெக்‌ஷனுக்காக எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்க வேண்டும் என்று கேட்கும் பள்ளி, அந்த டிக்கைத் தானே கேட்டு வாங்கிக்கொள்கிறது.

அடங்கும் கணக்கு இப்படி இருக்கும். ஒவ்வொரு வாரமும் கால்வாசிப் பேர், 50 நோட்டுகள், முழுத் திருத்தம்: 200 நிமிடம். மீதி 150 நோட்டுகளை ஒரு நிமிடம் வீதம் படித்து, ஒரே ஒரு குறிப்பு: 150 நிமிடம். மொத்தம் 350. நான்கு வாரத்தில் எல்லோருக்கும் ஒருமுறை முழுத் திருத்தம் கிடைத்துவிடும். இந்த முறையை எழுத்தில் வைத்து, பெற்றோர் கூட்டத்திலும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் "என் பையன் நோட்டில் தப்பு அப்படியே இருக்கிறதே மிஸ்" என்று முதல் மாதத்திலேயே வந்து நிற்பார்கள்.

முழுத் திருத்தத்திலும் சரியான வடிவத்தை ஆசிரியரே எழுதித் தர வேண்டாம். ஓரத்தில் குறி போதும்: எழுத்துப்பிழைக்கு 'எ', ஒருமை பன்மைக்கு 'ஒ', புணர்ச்சிக்கு 'பு', பொருள் புரியவில்லையென்றால் கேள்விக்குறி. அடுத்த பாடவேளையின் முதல் பத்து நிமிடம் மாணவரே அந்தக் குறிகளைப் பார்த்துத் திருத்தும் நேரம். இந்தப் பத்து நிமிடம் இல்லையென்றால் திருத்திய 200 நிமிடமும் போச்சு. தவறான சொல்லை ஐந்து தடவை எழுதிவரச் சொல்வது கை வலியைத் தவிர அதிகம் தருவதில்லை. அந்தச் சொல்லை வைத்துப் புதிதாக இரண்டு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள்.

பாட அறிவு என்பது எதை?

பட்டம், பி.எட்., டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு எல்லாம் வாசலைத் தாண்ட உதவும். உள்ளே வேண்டியது வேறு அறிவு. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் லீ ஷுல்மன் 1986-இல் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்: பாடம் தெரிவது ஒன்று, அந்தப் பாடம் கற்பவருக்கு எங்கே இடறும் என்று தெரிவது இன்னொன்று. நன்னூல் சூத்திரம் தலைகீழாகத் தெரிந்த தமிழ் ஐயா, ஆறாம் வகுப்புப் பையன் 'கொ', 'கோ' குழப்புவதைப் பார்த்துத் திகைத்து நிற்பது இதனால்தான்.

சென்னையில் இந்த இரண்டாவது அறிவு கூடுதலாகவே தேவைப்படுகிறது. தமிழ் கற்றல் சட்டம் 2006-இல் வந்து, அந்தக் கல்வியாண்டின் முதல் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகத் தமிழ் கட்டாயமானது. அதனால் ஒரே தமிழ் வகுப்பில் தமிழ், தெலுங்கு, உருது, இந்தி பேசும் வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். சௌகார்பேட்டையில் மார்வாரியும் குஜராத்தியும் வருகின்றன. கட்டுமான வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளோடு ஒடியாவும் போஜ்புரியும் வருகின்றன. பிழை பார்வைக்கு ஒன்றாக இருக்கும், காரணம் வேறாக இருக்கும். தமிழ் வீட்டுப் பிள்ளை 'பழம்' என்பதைப் 'பளம்' என்று எழுதுவது, அக்கம்பக்கத்தில் அப்படிக் கேட்டதால். இந்தி வீட்டுப் பிள்ளை எழுதுவது, அந்த ஒலியே அவர் மொழியில் இல்லாததால். முதலாமவருக்கு எழுத்தை நினைவூட்டினால் போதும். இரண்டாமவருக்கு நாக்கு மடியும் இடத்தைக் காட்டி, காதைப் பழக்கி, அதன்பிறகே எழுத்து.

இந்தி, உருது பேசுபவர்களுக்கு எ–ஏ, ஒ–ஓ குறில் நெடிலும் இடறும். அதைவிடப் பெரிய இடறல் வாசிப்பில். நாகரியில் ஒவ்வொரு ஒலிக்கும் தனி எழுத்து. தமிழில் 'க' ஒன்றே இடத்துக்கு ஏற்ப ஒலி மாறும். சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வன்மையாக (கல், பக்கம்), மெல்லினத்துக்குப் பின் அதிர்வோடு (தங்கம்), உயிர்களுக்கு நடுவே மென்மையாக (அகம்). தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அதனாலேயே ஆசிரியருக்கும் சொல்லத் தோன்றுவதில்லை. க, ச, ட, த, ப வரிசையில் எழுத்துக்கு நான்கு சொல் வைத்து ஒரு பாடவேளை நடத்தினால் பல மாதத் திண்டாட்டம் குறையும்.

சிறு வகுப்பில் பேச்சுத் தமிழைத் தப்பு என்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். "நாய் வந்துச்சு" என்று ஒரு பெண் சொன்னால் அது சரியான தமிழ்தான், எழுதும்போது 'வந்தது'. போர்டை இரண்டாகப் பிரித்து, 'பேசும்போது', 'எழுதும்போது' என்று தலைப்பிட்டு, பிள்ளைகள் சொல்வதை இடப்பக்கத்தில் எழுதி வலப்பக்கத்தை அவர்களையே நிரப்ப வைக்கலாம். வாயை மூடிய பிள்ளையை எழுத வைப்பது கடினம்.

ஆங்கில ஆசிரியருக்கு வேறு சிக்கல். தன் ஆங்கிலத்தின் மேல் நம்பிக்கை குறைந்தவர் முழுப் பாடத்தையும் தமிழில் மொழிபெயர்த்துவிடுவார். நம்பிக்கை அதிகமுள்ளவர் ஒரு சொல்கூடத் தமிழில் சொல்லாமல் பாதிப் பேரை விட்டுவிடுவார். நடைமுறை எல்லை இதுதான்: தினசரிக் கட்டளைகள் (திற, திரும்பு, எழுது, பக்கத்தில் இருப்பவரிடம் கேள்) எப்போதும் ஆங்கிலத்தில், கண்ணால் காட்ட முடியாத சொல்லின் பொருளும் இலக்கண ஒப்பீடும் தமிழில், ஒரு வாக்கியத்தில். நம்பிக்கை குறைந்தவருக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் கோர்ஸைவிட, தன் வகுப்பில் தினமும் தேவைப்படும் 30 வாக்கியங்களை எழுதிவைத்து வாய்விட்டுப் பழகுவது சீக்கிரம் உதவும்.

ஆறாம் வகுப்பு எடுப்பவருக்கு ஒரு கூடுதல் வேலை. அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தொடக்க வகுப்புப் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகக் கற்கிறார்கள். ஆறாம் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே பாடப்புத்தகம். ஜூனில் முதல் வாரமே ஒவ்வொருவரையும் தனியாக 40 சொல் பத்தி ஒன்றை வாசிக்க வைத்துப் பாருங்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம், 40 பேருக்கு இரண்டு பாடவேளை. அந்த நேரத்தில் மற்றவர்கள் 'எங்கள் தெரு' பற்றி ஐந்து வரி எழுதட்டும். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று ஆங்கிலத்துக்குச் சொல்லும் அளவைத் தமிழுக்குப் போடாதீர்கள். 'வந்துகொண்டிருந்தவர்களுக்கும்' என்பது நமக்கு ஒரே சொல். எந்த எழுத்தில் நின்றார், வாசித்ததைத் திருப்பிச் சொன்னாரா என்ற இரண்டையும் குறித்தால் போதும்.

குரல், மின்விசிறி, சாலை

ஒரு நாளில் ஆறு பாடவேளை பேசும் ஆசிரியர் ஆறாவது வகுப்பில் ஜோடி வேலை நடத்த மாட்டார்; நகல் எடுக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அதைச் சோம்பல் என்று எழுதுவதற்கு முன் அறையைப் பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனம் வகுப்பறைப் பின்னணி இரைச்சலுக்குப் பரிந்துரைத்த அளவு 35 டெசிபல். சாலையோர அறையில், மின்விசிறி ஓடும்போது, செல்போனில் இலவசமாகக் கிடைக்கும் ஒலி அளவி செயலி ஒன்றை வைத்துப் பாருங்கள். அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. போன் அளவு துல்லியமாக இருக்காது, அறைக்கு அறை ஒப்பிடப் போதும். இரைச்சலைவிட 15 டெசிபல் கூடுதலாகப் பேசினால்தான் கடைசி பெஞ்சுக்கு மெய்யெழுத்து தெளிவாகப் போகும். ல, ள, ழ வேறுபாடு காதில் விழாத இடத்தில் சொல்வதெழுதுதல் வைத்து மார்க் குறைப்பது அநியாயம்.

கணக்கு வகுப்புக்குச் சாலைப் பக்க அறையையும் மொழி வகுப்புக்கு உள்பக்க அறையையும் மாற்றிக்கொள்வதற்குச் செலவில்லை. கடகடக்கும் விசிறியின் பேரிங்கை மாற்றுவது சிறிய செலவு. இடுப்பில் மாட்டும் சின்ன ஒலிபெருக்கி ஒன்றைத் துறைக்கு வாங்கிவைக்கலாம். ஓர் ஆசிரியருக்குத் தொடர்ந்து மூன்று பாடவேளைக்கு மேல் வகுப்பு கொடுக்காதீர்கள். தொண்டை கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும்; மாத்திரை மென்றுகொண்டே வகுப்பெடுப்பது குரல்நாணைக் கெடுக்கும்.

கால அட்டவணையும் மழையும்

வாரத்தில் ஒருமுறையாவது கட்டுரைக்கு இரண்டு பாடவேளை சேர்ந்து வர வேண்டும். 40 நிமிடத்தில் பேசி, யோசித்து, எழுதி முடியாது. மிச்சம் வீட்டுக்குப் போகும், வீட்டில் கைடு எழுதும். மொழிப் பாடத்தை எப்போதும் கடைசி பாடவேளையிலும் விளையாட்டுக்குப் பின்னும் தள்ளும் வழக்கத்தையும் பாருங்கள். சப்ஸ்டிடியூஷனுக்கு முதலில் அழைக்கப்படுவது தமிழ் ஆசிரியர்தான் என்றால் அந்தப் பதிவேட்டை ஒரு மாதம் எண்ணிப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் வாரத்துக்கு 45 மணி நேரம் என்ற அளவில் தயாரிப்பு நேரமும் அடக்கம். பிரிவு 27 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய வேலைகளைத் தவிர மற்றவற்றுக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2015-லும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் போல, சென்னையில் நாட்கணக்கில் பள்ளி மூடும். ஆண்டுத் திட்டம் போடும்போது காலாண்டுக்கும் அரையாண்டுக்கும் இடையில் பாடச்சுமையைக் குறைவாக வைக்காத ஆசிரியர், டிசம்பரில் செய்யுளை ஓட்டுவார். ஓட்டும்போது முதலில் விழுவது பேச்சும் சொந்த எழுத்தும்தான்.

ஆளெடுக்கும்போது

டெமோ கிளாஸ் நடிப்புத் திறனைக் காட்டும், வேலையைக் காட்டாது. டெமோவை 15 நிமிடமாகக் குறைத்து, இரண்டு சோதனை சேருங்கள். ஒன்று: உங்கள் பள்ளி மாணவர் ஒருவரின் கட்டுரையைப் பெயரை மறைத்துக் கொடுத்து, "இந்தப் பிள்ளைக்கு அடுத்த வாரம் என்ன சொல்லிக்கொடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். எல்லாப் பிழையையும் வட்டமிடுபவரைவிட, ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காரணம் சொல்பவர் மேல். இரண்டு: வாசிக்கத் தடுமாறும் ஒரு மாணவருடன் ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். யார் அதிகம் பேசுகிறார் என்று மட்டும் பாருங்கள்.

அனுபவம் முதல் சில ஆண்டுகளில் வேகமாகப் பலன் தரும். அதன்பின் தானாகத் தருவதில்லை. புதியவருக்கு முதல் ஆண்டில் ஐந்து செக்‌ஷனையும் பத்தாம் வகுப்பையும் சேர்த்துக் கொடுப்பது அந்த வேகத்தை முடக்கும். ஒரே வகுப்பின் மூன்று செக்‌ஷன் கொடுத்தால் ஒரு தயாரிப்பை மூன்று முறை நடத்திப் பார்த்து மெருகேற்றுவார். சம்பளம் போதாமல் மாலையில் ட்யூஷன் எடுப்பவரிடம் நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்வதில் அர்த்தமில்லை. பள்ளி நேரத்துக்குள் இடம் கொடுங்கள்.

பார்த்தபின் பேசுவது

80 கட்டத் தாளை அன்றே, ஆசிரியரிடமே கொடுத்துவிடுங்கள். ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னும் அல்ல. "மேடம், நீங்களே ஒரு தடவை பாருங்க. எந்த எழுத்து அதிகமா இருக்கு?" என்று தொடங்கினால், "சார், நானே பேசிக்கிட்டு இருந்திருக்கேன் போல" என்று அவரே சொல்வார். அப்படிச் சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லலாம், ஆனால் ஒன்றே ஒன்று. 'அடுத்த இரண்டு வாரம் தினமும் ஒரு ஆறு நிமிட ஜோடி வேலை' என்று எழுதி, மறுபடி வரும் தேதியையும் எழுதுங்கள். ஒரே நாளில் எட்டுக் குறை சொன்னால் எதுவும் மாறாது. ஒரு நாள் கருத்தரங்குக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்குவதைவிட, துறைக்குள்ளேயே ஒருவர் வகுப்பை இன்னொருவர் மாதம் ஒருமுறை பார்ப்பது பலிக்கிறது. பார்க்கப் போகிறவரின் வகுப்புக்கு அன்று தலைமை ஆசிரியரே போய் நிற்கலாம். அவருக்கும் நாற்பது பேரை நேரில் பார்த்தது போலிருக்கும்.

மாற்றம் வந்ததா என்று அறிய ரிசல்ட் வரை காத்திருக்க வேண்டாம். ஜூன், செப்டம்பர், ஜனவரி மூன்று முறை, 15 நிமிடம், முன்கூட்டிச் சொல்லாத ஆனால் பழகிய பொருள் ஒன்றைப் பற்றி எழுத வையுங்கள்: வீட்டருகே உள்ள கடை, மழை நாள், பேருந்துப் பயணம். மூன்றை எண்ணுங்கள்: மொத்த வாக்கியம், 'ஆனால்', 'ஏனென்றால்', 'அதனால்' போன்ற சொற்களோ எச்சங்களோ இணைத்த வாக்கியம், அந்தப் பருவத்தில் குறிவைத்த பிழை. பக்கத்து செக்‌ஷனோடு ஒப்பிடாமல், அதே பிள்ளையின் ஜூன் தாளோடு ஒப்பிடுங்கள். வாக்கியம் கூடிப் பிழையும் சற்றுக் கூடியிருந்தால் பயப்படாதீர்கள். துணிந்து எழுதத் தொடங்கினால் முதலில் அப்படித்தான் இருக்கும். வாக்கியம் கூடாமல் பிழை மட்டும் குறைந்திருந்தால், பிள்ளைகள் தெரிந்த நான்கு வரியையே திரும்ப எழுதுகிறார்கள் என்று பொருள்.

ஆண்டின் நடுவில் ஆசிரியர் மாறினால் இந்த மூன்று தாள்களும், வாசிப்புக் குறிப்பும், கட்டுரை நோட்டில் இந்த வாரம் எந்தக் கால்வாசிக்கு முழுத் திருத்தம் என்ற பட்டியலும், குறி எழுத்துகளின் விளக்கமும் ஒரே ஃபைலில் புதியவர் கைக்குப் போக வேண்டும். பாடத்தில் எந்தப் பக்கம் வரை முடிந்தது என்பதை எந்த மாணவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். மற்றதெல்லாம் அந்த ஃபைலில் மட்டும்தான் இருக்கும்.